இடது கதவு, வலது கதவு

"எங்கட வீட்டுக்கு வந்த பெட்டிக்குத் தொண்டை இல்லை," என்று அக்கா தன் ஆட்டிடம் சொன்னாள்.

ஆடு ஒரு பூவரசங் கொப்பைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்த விஷயத்தில் அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.

"மேளம் மட்டும் அடிக்குது. பாடுறவள் அங்கால வீட்டில நிண்டு பாடுறாள். படிச்சவையின்ர வீட்டிலதான் பாடுவாளாம்."

எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் ஓர் ஒழுங்கை. அதன் இரு பக்கமும் நெஞ்சளவு முருகைக்கல் மதில். எங்கள் பக்க மதிலோரம் நின்று நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் ஆட்டோடு அவ்வளவு சத்தமாகப் பேசினாள். நான் எங்கள் கோழியைக் கூப்பிட்டேன்.

"பெட்டியில ஒரு பிழையும் இல்லை," என்று கோழியிடம் சொன்னேன். "ஒரு பெட்டியில பாட்டு வரும், மற்றதில மேளம் வரும். அது அப்பிடித்தான். இங்கிலீசில எழுதிக் கிடக்கு."

"இங்கிலீசில எழுதிக் கிடக்காம்," என்று அக்கா ஆட்டுக்கு எடுத்துச் சொன்னாள்.

அந்த நாட்களில் அக்காவும் நானும் பேசுவதில்லை. ஆடும் கோழியும்தான் பேசிக்கொண்டன.

நனைந்து வந்த புத்தகம்

நான் கசெற்றில் பாட்டுக் கேட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்ததாகப் போன கிழமை எழுதியிருந்தேன். நெடுந்தீவில் எங்கள் பக்கத்துக்கு மின்சாரமே வரவில்லையே, எப்படிக் கேட்டீர்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். பற்றறியில் கேட்டோம். இறங்குதுறைக்குக் கிட்டக் கடை வைத்திருந்தவரிடம் ஓர் எஞ்சின் இருந்தது. பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் அவர் சார்ஜ் ஏற்றித் தருவார். பற்றறி இறங்கத் தொடங்கினால் பாடுகிறவரின் குரலும் இறங்கும். பெண் குரல் ஆண் குரலாகும்போது எங்கள் அப்பா, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், சைக்கிளை எடுப்பார்.

கசெற் போடும் அந்தச் செற் எங்கள் மூத்த அண்ணை அனுப்பியது. அவர் கப்பலில் வேலைக்குப் போயிருந்தார். அவரோடு வேலை செய்த புங்குடுதீவுக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்தார். ஐயா குறிகட்டுவான் துறைக்குப் போய் வாங்கி, படகில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அப்படியும் கடல் உள்ளே வந்துவிட்டது. செற்றுக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் பொலித்தீன் உறை இருந்தது. உறையில்லாமல் மேலே கிடந்த, செற்றைப் பூட்டும் விதம் சொல்லும் புத்தகம் மற்றவர்களுக்காகத் தான் நனைந்தது.

ஐயா அதைக் கருவாட்டுப் பாயில் மீனோடு மீனாகக் காயப் போட்டார். காய்ந்தபின் முன்பாதி ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பின்பாதி மட்டும் திறந்தது. அதில் மீன் மணம் கடைசிவரை போகவில்லை.

புங்குடுதீவுக்காரரிடம் அண்ணை ஒன்றைச் சொல்லியும் விட்டிருந்தார்: "ரெண்டு பெட்டியும் ரெண்டு பக்கத்தில இருக்க வேணும்."

ஐயா, அக்கா, அக்காவின் கணவர் மடுத்தீன் அத்தான் மூவரும் சுற்றி நிற்க, நான் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில். பிறகு தமிழில்: "ஒரு ஸ்பீக்கரை இடது கதவிலும், மற்றதை வலது கதவிலும் பொருத்தவும்."

எங்கள் பரம்பரையில் ஓர் ஆங்கில வசனத்தை உரத்து வாசித்த முதல் ஆள் நான்தான். ஆகவே இரண்டு தடவை வாசித்தேன்.

ஐயா வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "வடிவாப் பார் பிள்ளை. ரெண்டு கதவெண்டோ கிடக்கு?"

"ஓம் ஐயா. இடது கதவு, வலது கதவு."

"எங்களிட்ட ஒரு கதவுதானே கிடக்கு." குசினிக்கு இருந்தது ஓலைத் தட்டி. அதைக் கதவு என்று சொல்ல ஏலாது.

மடுத்தீன் அத்தான் தொண்டையைச் செருமினார். "எங்கட வீட்டில ஒண்டு கிடக்கு," என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஐயாவின் முகம் தெளிந்தது. கடலைப் பார்த்து நின்றால் எங்கள் கதவு இடக்கைப் பக்கம், அக்காவின் கதவு வலக்கைப் பக்கம். பெட்டி இரண்டு. தங்கச்சிமார் இரண்டு. "பெடியன் யோசிச்சுத்தான் அனுப்பியிருக்கிறான்," என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் வாசித்ததை ஒருவர் இவ்வளவு சீக்கிரம் செயலில் காட்டியது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு"

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது.

நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா செத்துப்போனா. அக்கா அப்போது இரண்டாம் வகுப்பு. அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அடுப்பும் நானும் இருந்தோம், அவ்வளவுதான். பிறகு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அதே பள்ளிக்கூடத்தில் விட்டாள். நான் அழுகையை நிறுத்தும்வரை சன்னலுக்கு வெளியே நின்றாள். நான் அழுகையை நிறுத்தினேன். பிறகு யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தேன், சோதனைகள் பாஸ் பண்ணினேன், எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் செய்யாததைச் செய்தேன். இதை நான் பணிவில்லாமல்தான் எழுதுகிறேன். பணிவாக எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

செற் வந்த வருடம் மடத்திலிருந்து திரும்பி, வீட்டில் நின்றே அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் வாசிக்கத் தெரிந்தவள் நான் என்பதால் செற் எங்கள் வீட்டில் இருந்தது. அக்கா வீட்டுக்கு வயர் மட்டும் போனது. அண்ணை அனுப்பிய வயர் எட்டவில்லை. ஐயா கடையில் வேறு வயர் வாங்கிவந்தார். அத்தான் இரண்டையும் தன் கூரைக்குக் கீழே வலை முடிச்சுப் போட்டு இணைத்தார். அதை இழுத்து அறுக்க ஒரு சுறாவால்தான் முடியும்.

செற்றோடு வந்த கசெற்றில் முதலில் ஒரு பாட்டு. குரல் முழுவதும் எங்கள் வீட்டில், மேளம் முழுவதும் அக்கா வீட்டில். அக்கா ஒழுங்கைக்கு வந்தாள்.

"எடியே, எனக்குக் கூடாத பெட்டியைத் தந்துபோட்டியளோ?"

தண்ணிக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் ஒழுங்கையில் நின்றார்கள். நான் சொன்னேன்: "உங்களுக்கு விளங்காதக்கா. இது ஸ்டீரியோ."

நான் அக்காவை எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு மட்டும் "உங்களுக்கு" என்றேன். மரியாதை கூடினால் சண்டை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஓம், எனக்கு என்ன விளங்கும்," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு ஆட்டோடுதான் பேசினாள்.

அவளுக்கு விளங்காது என்று நான் சொன்னது உண்மைதான். எனக்கும் விளங்கியிருக்கவில்லை.

கதவில் தொங்கிய பாட்டு

கதவில் பெட்டி பூட்டுவது லேசான வேலையல்ல என்பதை இதைப் படிப்பவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

முதல் நாள் ஐயா பெட்டியைக் கதவுப் பலகையிலேயே ஆணியால் அறைந்தார். காற்று வந்து கதவைத் தள்ளும்போது பாட்டு வீட்டுக்குள் வந்தது. இழுக்கும்போது முற்றத்துக்குப் போனது. கதவு அடித்துச் சாத்தியபோது பாடினவளுக்கு விக்கல் வந்தது. கதவைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். நாய்கள் உள்ளே வந்தன. கடைசியில் பெட்டியைக் கழற்றி, கதவு நிலையில் ஒழுங்கையைப் பார்த்துப் பூட்டினோம். நிலையும் கதவின் ஒரு பகுதிதான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

அதன்பிறகு கரகரப்பு. பெட்டியும் மரமும் சேர்ந்து நடுங்கின. சாக்கை நாலாக மடித்து இடையில் வைத்தேன், போய்விட்டது. உப்புக் காற்றில் வயர் முனை பச்சை பிடித்தது, சத்தம் விட்டுவிட்டு வந்தது. குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கினேன், ஒழுங்காக வந்தது. இவை எதுவும் புத்தகத்தில் இல்லை. நானாகக் கண்டுபிடித்தவை.

நான் இங்கே சாக்கு வைத்ததைப் பார்த்து அக்காவும் அங்கே சாக்கு வைத்தாள். நான் புளி போட்ட மறுநாள் அவளும் புளி போட்டாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எங்களிடம் ஒரு கோயில் பாட்டுக் கசெற்றும் இருந்தது. பழைய முறையில் பதிந்தது. குரலும் ஆர்மோனியமும் இரண்டு வீட்டிலும் ஒரே அளவாகக் கேட்டன. திருச்சபை பாரபட்சம் காட்டவில்லை என்பதில் ஐயாவுக்குத் திருப்தி.

தபசுகாலத்து ரயில்

அப்போது எங்கள் கத்தோலிக்க நோன்பான தபசுகாலம் வந்தது. உயிர்ப்புத் திருநாள்வரை எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பதில்லை. செற்றுக்கு ஒரு சேலைத் துண்டைப் போர்த்திவிட்டோம்.

ஆனால் செற்றோடு வந்த கசெற்றின் மறுபக்கத்தில் பாட்டு இல்லை, ரயில் இருந்தது. ஸ்டீரியோவின் திறமையைக் காட்டுவதற்காகப் பதிந்தது. ஒரு வெள்ளைக்காரன் ஏதோ சொல்லுவான். பிறகு இடப்பக்கம் ரயில் கூவும், ஓடும், வலப்பக்கம் போய் நிற்கும்.

ஐயா நன்றாக யோசித்தார். "ரயில் பாட்டில்லைத்தானே," என்றார். "போடலாம்."

அப்படியாக அந்தத் தபசுகாலம் முழுவதும் பின்னேரங்களில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டு அக்கா வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டில் அது வெளிக்கிடுவது மட்டும் கேட்கும். அக்கா வீட்டில் வந்து சேர்வது மட்டும் கேட்கும். ரயிலைக் காணாத சனம் எங்கள் பக்கம் அதிகம். கேட்க வந்தவர்கள், வெளிக்கிடுவது பிடித்தால் எங்கள் வீட்டிலும் வந்து சேர்வது பிடித்தால் அக்கா வீட்டிலும் இருந்தார்கள். அக்கா வீட்டில்தான் கூட்டம் அதிகம். அவள் தேத்தண்ணி கொடுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு முன் அத்தான் குடும்பத்தோடு முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போவது வழக்கம். வாடைக் காற்றுத் தொடங்கத் திரும்பி வருவார்கள். அந்த வருடம் கரையில் வேறு கதை அடிபட்டது. அங்கேயே காணி பார்த்திருக்கிறார்களாம், திரும்பமாட்டார்களாம். அக்காவிடம் நேரே கேட்க எனக்கு வழியில்லை. ஆடுதான் சொன்னது, அதாவது ஆட்டுக்குச் சொன்னதைக் கேட்டேன்:

"உன்னை அங்க கொண்டுபோக ஏலாது. இந்த முறை போனா எப்ப வாறமோ. உந்தப் பெட்டியை மட்டும் கழட்டிக்கொண்டு போவம்."

ஐயா வலை பொத்திக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவள் போக முன்னம் அவளோட கதை பிள்ளை."

"நான் கதைக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை ஐயா. அவ கதைச்சா நானும் கதைப்பன்."

"அவளும் இதைத்தான் சொன்னவள்," என்றார் ஐயா. "ரெண்டு பேரும் ஒரு தாயின்ர பிள்ளையள் எண்டதில சந்தேகமில்லை."

நான் என் வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அடிக்கடி பார்க்கத் தொடங்கினேன்.

ரயில் தொலைந்த இடம்

குருத்தோலை ஞாயிறு கிட்டிய ஒரு பின்னேரம் அக்கா ஆட்டிடம் முறையிட்டாள்.

"ரயில் அங்க வெளிக்கிடுது. இஞ்ச வந்து நிக்குது. நடுவில எங்க போகுது? ஒழுங்கையில நிண்டு கேட்டனான். அங்க ரயில் இல்லை. ஆவிதான் போகுது."

இது வேண்டுமென்று சொல்லும் குறை என்று நினைத்தேன். அவள் தண்ணிக்குப் போனபிறகு கசெற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒழுங்கையின் நடுவில் நின்றேன்.

அவள் சொன்னது சரி. எங்கள் கதவில் ரயில் நல்ல கனமாகப் புறப்பட்டது. நடுவுக்கு வந்ததும் சில்லுகளின் கடகடப்புக் கரைந்துபோனது. தகரத்தில் மழை பெய்வதுபோல ஒரு மெல்லிய சத்தம் தலையைச் சுற்றிப் போனது. பிறகு அக்காவின் கதவில் ரயில் திரும்ப உயிர்பெற்றது. நடுவில் நின்று கேட்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை. எங்கள் வீட்டில் நடு இருக்கவில்லை.

புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. நடுவில் இருந்து கேட்கும்போது அடிச்சத்தம் மெலிந்தால், இரண்டு பெட்டியிலும் வயர் ஒரே முறையில் கொழுவப்படவில்லை என்று பொருள். ஏதாவது ஒரு பெட்டியில் வயர் இரண்டையும் இடம் மாற்றவும்.

கோடு போட்ட வயர் எது, கோடு இல்லாதது எது என்று பார்த்துத்தான் நான் எங்கள் பெட்டியில் கொழுவியிருந்தேன். ஐயா வாங்கிய வயரில் கோடே இல்லை. அத்தானின் முடிச்சில் இரண்டும் மாறியிருக்க வேண்டும்.

ஏதாவது ஒரு பெட்டியில். அதையும் இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. திருகாணிச் சாவி கையில் இருந்தது. கையைத் தூக்கினால் போதும்.

நான் ஒழுங்கையைக் கடந்தேன்.

அக்கா தண்ணிக் குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் திருக்கை மீன் வெட்ட உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஆட்டைத் தேடினாள். ஆடு அங்கே இல்லை.

"என்ன?" என்று என்னிடமே கேட்க வேண்டியதாயிற்று.

"வயர் மாத்த வேணும். பிழையாக் கொழுவிக் கிடக்கு."

"அத்தான் கொழுவினது."

"அத்தானில பிழையில்லை. வயரில கோடில்லை."

"அப்ப உன்ர பெட்டியில மாத்தன்."

"ஏலாது. வலது கதவிலதான் மாத்த வேணுமெண்டு போட்டிருக்கு."

"எங்க? காட்டு."

புத்தகத்தை விரித்துக் காட்டினேன். மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். நான் காட்டிய வரிக்குக் கீழே விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை மெதுவாக இழுத்தாள். அதே புத்தகம், அதே மீன் மணம். வரி முடிந்தபிறகும் விரல் அங்கேயே நின்றது.

"சரி," என்றாள். "ஏறு."

கதிரையைக் கொண்டுவந்து போட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்து கிழுந்து துலையாதை. உன்னைத் தூக்கித் திரிய எனக்கு இப்ப இடுப்பில பலமில்லை."

வயர் முனையைச் சுரண்ட மீன் கத்தியைத் தந்தாள். கேட்காமலே புளியையும் தந்தாள். நான் மாற்றினேன். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் ரயிலைப் போட்டேன்.

நான் கதவடிக்கு வந்து பார்த்தபோது அக்கா ஒழுங்கையின் நடுவில் நின்றாள். "வருது," என்றாள். அவளுடைய முகம் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பியது. "வருது, வருது. எடியே, கிட்ட வந்திட்டுது!" சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னுக்குப் போய், மதிலோடு ஒட்டி நின்று ரயிலுக்கு வழிவிட்டாள்.

பழுதில்லாத வாசிப்பு

உயிர்ப்புத் திருநாள் முடிந்து அவர்கள் போனார்கள். அக்கா பெட்டியைக் கழற்றவில்லை. "கிடக்கட்டும், வந்து கேப்பம்," என்று என்னிடம் நேரே சொன்னாள். ஆட்டையும் எங்களிடம் விட்டுப் போனாள். மாரிக்குத் திரும்பி வந்தார்கள். காணிக் கதையைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், அண்ணை வந்தார். ஒழுங்கையில் ஏறியவர் இரண்டு கதவு நிலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உதென்ன உங்க தொங்குது?"

"ஸ்பீக்கர்," என்றேன்.

"ஏன் கதவில?"

"புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு. இடது கதவு, வலது கதவு."

அண்ணை தன் பயணப் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும்தான் வந்தது. "எடியே, அது காருக்குப் பூட்டுற செற்! பற்றறியில வேலை செய்யுமெண்டு வாங்கினனான். அது கார்க் கதவு!"

நான் இப்போது ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடத்தில் கதவு வரும் நாட்களில் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். அன்றைக்குத் திரும்ப இடம் இருக்கவில்லை.

அக்கா மதிலுக்கு மேலால் கேட்டாள்: "கார் எண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

"முன் பக்கத்தில கிடந்திருக்குமே."

"முன் பக்கம் ஒட்டிப்போச்சு. கிடந்ததைத்தான் அவள் வாசிச்சவள். கதவெண்டு கிடந்தது, கதவெண்டு வாசிச்சாள். பிழையா வாசிச்சவளோ?"

"இல்லை, ஆனா..."

"அப்ப என்னத்துக்குச் சிரிக்கிறாய்?"

அண்ணை சிரிப்பை நிறுத்தினார். ஐயா பேச்சை மாற்ற ரயிலின் கதையைச் சொன்னார். அது நடுவழியில் தொலைந்ததையும், நான் அக்கா வீட்டுக் கதிரையில் ஏறி வயர் மாற்றியதையும் சொன்னார்.

"அதுக்கு ஏன் அங்க போய் ஏறினனி?" என்றார் அண்ணை. "உன்ர பெட்டியிலயே மாத்தியிருக்கலாமே."

"ஏலாதாம்," என்றாள் அக்கா. "வலது கதவிலதான் மாத்த வேணுமெண்டு கிடக்கு. எனக்கு வாசிச்சுக் காட்டினவள்."

அண்ணை புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கப்பலில் அவர் போதிய அளவு ஆங்கிலம் கற்றிருந்தார். கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்தார். தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான் கிடக்கு." புத்தகத்தை மூடிவிட்டார்.

அக்கா மதிலை விட்டு ஆட்டடிக்குப் போனாள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அதே கட்டையில் திரும்பக் கட்டினாள்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது," என்று ஆட்டிடம் சொன்னாள், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி. "ஆனா வயருக்கு ரெண்டு முனை கிடக்கெண்டு அண்டைக்கே தெரியும்."

கோழி என்னை அண்ணாந்து பார்த்தது. ரயிலைப் போட உள்ளே போனேன்.